வினையடி தேடும் தொழில்

மணலி புதுநகரில் எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலைக்கோ உரத் தொழிற்சாலைக்கோ எண்ணூர்த் துறைமுகத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள். டிரெய்லர் ஓட்டுகிறவர்கள், கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவர்கள், கிரேன் இயக்குகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு தொழில் உண்டு. என் தொழில் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் புரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம், நீலகிரியின் தோடர் மொழி, ஜார்க்கண்டின் குருக், பலுசிஸ்தானத்தின் பிராகுயி ஆகியவை எல்லாம் பிரிவதற்கு முன்னால் ஒரே மொழியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் 'வந்தான்' என்பதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மொழியியலில் இதற்கு மீட்டுருவாக்கம் என்று பெயர். அதிலும் நான் வினைச்சொற்களையே எடுத்துக்கொண்டேன்.

ஏன் வினைச்சொல் என்பதற்கு இந்த ஊரே நல்ல விடை. பெயர்ச்சொல் கப்பலில் வந்து இறங்கிவிடும். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை. இன்றைக்கும் யார்டு வாசலில் நின்று கேட்டால் 'கன்டெய்னர் அன்லோடு பண்ணியாச்சு', 'சீல் உடைஞ்சிருச்சு', 'டிரெய்லரை ரிவர்ஸ் எடு' என்றுதான் காதில் விழும். பெயர்கள் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. ஆனால் பண்ணு, உடை, எடு என்ற வினைகளும், அவற்றில் ஏறும் காலமும், முடிவில் வரும் விகுதியும் அப்படியே தமிழ். ஆங்கிலத்தின் 'அன்லோடு' வினைதான் என்றாலும், தமிழுக்குள் நுழையும்போது தனியாகக் காலம் காட்ட அதற்கு உரிமை கிடைப்பதில்லை. 'பண்ணு' துணைக்கு வந்தாக வேண்டும். ஆகவே இரண்டு மொழிகள் உறவா, வெறும் பழக்கமா என்று தீர்க்க வேண்டுமானால் பெயர்ச்சொல் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வினைத் திரிபைப் பார்க்க வேண்டும்.

இதை உலகம் உணர்ந்த ஆண்டு 1816. ஜெர்மனியில் ஃபிரான்ஸ் போப் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றின் வினைத் திரிபுகளை ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இந்தோ-ஐரோப்பிய ஒப்பிலக்கணம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதே 1816இல் சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதிச் சேர்த்தார். சமஸ்கிருதத் தாதுக்களை ஒரு பக்கமும் தெலுங்கு வினையடிகளை இன்னொரு பக்கமும் நிறுத்தி, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். பிறகு தெலுங்கு, தமிழ், கன்னட வினையடிகளைப் பக்கம் பக்கமாக வைத்து அவை ஒரே குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அதற்கு 40 ஆண்டுகள் முந்தியது எல்லிஸின் கட்டுரை. எல்லிஸ் அப்போது சென்னைக் கலெக்டர். அவர் அமைத்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் நினைவாகத்தான் நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலைக்கு அந்தப் பெயர். இந்தத் தொழில் பிறந்த ஊர்களில் சென்னையும் ஒன்று என்பதை இங்கே படிக்கிற ஒவ்வொரு மாணவரிடமும் நான் சொல்லுவேன்.

நான் மொழியியல் படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். பி. எஸ். சுப்பிரமணியத்தின் திராவிட வினையமைப்பு பற்றிய ஆங்கில நூலை அந்தப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அதைப் படிக்கத் தொடங்கியதும் வேறு துறைக்குப் போகும் எண்ணமே போய்விட்டது. ஆனால் எங்கள் ஆசிரியர் திராவிட மொழிகளுக்குள் எங்களை உடனே விடவில்லை. முதலில் பழைய ஜெர்மானிய மொழிகளின் வினைகளைப் படிக்க வைத்தார். கருவிகள் அங்கேதான் தீட்டப்பட்டன என்பது அவர் கருத்து. அது எவ்வளவு சரி என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜெர்மானியத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம், விதிவிலக்குக்கும் ஒரு விதி உண்டு என்பது. ஆங்கிலத்தில் 'வாஸ்' என்பது ஒருமை, 'வேர்' என்பது பன்மை. ஒரே வினையில் ஓரிடத்தில் ஸ, இன்னோரிடத்தில் ர. யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்த ஒலிமாற்ற விதிகளுக்கு இப்படி அடங்காமல் நின்ற சொற்கள் பல இருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1875இல் அதன் காரணத்தைப் பிடித்தார். மூலமொழியில் ஒருமை வடிவத்தில் அழுத்தம் வேரின் மேல் விழுந்தது. பன்மையில் விகுதியின் மேல் விழுந்தது. அழுத்தம் முன்னால் இருந்த இடத்தில் ஸ தப்பித்தது. பின்னால் போன இடத்தில் ஒலி மாறி, கடைசியில் ர ஆயிற்று. ஜெர்மானிய மொழிகளில் அந்தப் பழைய அழுத்தம் எப்போதோ இடம் மாறிவிட்டது. அதற்குச் சான்று எங்கே கிடைத்தது என்றால் வேதமொழியில். வேதம் ஓதுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரம் பிசகாமல் காத்த அழுத்தம்தான் ஓர் ஆங்கில வினையின் புதிரை அவிழ்த்தது. ஒரு மொழியின் கேள்விக்கு விடை இன்னொரு மொழியில் பத்திரமாக இருக்கக்கூடும். என் தொழிலுக்கு அடிப்படை இந்த ஒரு நம்பிக்கைதான்.

அதே பாடத்தைத் தமிழில் போட்டுப் பார்க்கலாம். தமிழில் செய், மலையாளத்தில் செய், தெலுங்கில் சேயு. கன்னடத்தில் மட்டும் கெய். நீலகிரி மொழிகளிலும் முதலெழுத்து க-தான். மூன்று பெரிய மொழிகள் ச என்கின்றன என்பதற்காக மூலம் ச என்று எழுதிவிட முடியாது. ச-வைக் க-வாக மாற்றக் கன்னடத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. இ, எ போன்ற முன்னுயிர் வந்தால் க-வின் உச்சரிப்பு அண்ணத்தை நோக்கி நகர்ந்து ச ஆவது உலக மொழிகளில் பரவலாக நடப்பது. எனவே மூலம் கெய். தமிழ்ச் செவியும் கன்னடக் கிவியும் இதே கணக்கு. சரி, அப்படியானால் கேள் ஏன் சேள் ஆகவில்லை? கெடு ஏன் செடு ஆகவில்லை? இங்கேதான் வெர்னர் கைகொடுக்கிறார். தமிழில் அந்த உயிரை அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் க மாறாமல் நின்றுவிடுகிறது. இதை 1940களில் விளக்கியவர் டி. பரோ. தெலுங்கில் அந்தத் தடை இல்லை. அதனால் அங்கே கெடு என்பது 'செடு' ஆகியே விட்டது.

இனி 'வா' என்ற வினையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தமிழில் கிறுக்குத்தனமான வினை இது. ஏவலில் வா, எதிர்காலத்தில் வரு, இறந்தகாலத்தில் வந்த், பழைய எதிர்மறையில் வாரான். ஒரு சொல்லுக்கு நான்கு முகம். இலக்கண நூல்கள் இதை விகாரம் என்று ஒதுக்கிவிடும். ஆனால் எங்களுக்கு ஒழுங்கான வினையைவிட ஒழுங்கில்லாத வினைதான் அதிகம் சொல்லும். ஒழுங்கு பின்னால் வந்தவர்கள் உண்டாக்கிக்கொள்வது. ஒழுங்கின்மை முன்னோரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அட்டையில் ஒவ்வொரு மொழியாக எழுதுவேன். கன்னடத்தில் பா, பரு, பந்த். இந்த ப, 'பஸ்' என்பதில் வரும் ஒலிப்புடைய ப. மலையாளத்தில் வா, வரு, வந்நு. தெலுங்கில் ஏவல் ரா. மற்ற இடங்களில் வச்சு. குருக்கில் பர். பிராகுயியில் ப, பர் என்று இரண்டு வடிவங்கள். பட்டியல் நிறைந்ததும் கேள்விகள் தொடங்கும். முதல் எழுத்து வ-வா, ப-வா? கன்னடம், குருக், பிராகுயி மூன்றும் ப என்கின்றன. ஆனால் திராவிட மூலமொழியில் சொல்லின் முதலில் ஒலிப்புடைய வெடிப்பொலி வராது. பீகார், வங்காளப் பக்கத்து ஆரிய மொழிகளிலும் வ எல்லாம் ப ஆகிவிட்டிருக்கிறது. அந்த அக்கம்பக்கத்தில் வாழ்ந்த குருக்கும் அதே வழியில் போயிருக்கிறது. ஆகவே வ. முன்பு செய் என்ற வினையில் கன்னடம் பழமையைக் காத்தது. இங்கே வ-வைக் காத்தது தமிழ். எந்த மொழியும் எல்லா இடத்திலும் மூத்த சாட்சியாக நிற்பதில்லை.

அடுத்தது தெலுங்கு 'ரா'. வ எங்கே போயிற்று? தெலுங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் உயிரை உள்ளே தள்ளி, மெய்யை முன்னால் இழுத்துவிடும். தமிழில் வரை என்பது பழந்தெலுங்கில் வ்ராயு ஆகிப் பிறகு ராயு ஆனது. இன்று எழுது என்று பொருள். அதே பாதையில் வர என்பது வ்ரா ஆகி, ரா ஆனது. தெலுங்கில் 'ராடு' என்றால் 'வரமாட்டான்'. அதைத் தமிழின் பழைய 'வாரான்' பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மாட்டேன்' வருவதற்கு முந்தைய எதிர்மறை அமைப்பு இரண்டு மொழியிலும் ஒன்றாகவே நிற்கிறது. இன்று வடசென்னைப் பேச்சில் அது போய்விட்டது. பொன்னேரி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் நெல்லூர்க்காரர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிச்சம் இருப்பது வா-வுக்கும் வரு-வுக்கும் நடுவில் உள்ள நெடில் குறில் சிக்கல். தா, தரு என்ற வினையிலும் இதே சிக்கல்தான். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1990களில் இதற்கு ஒரு விடை சொன்னார். மூலமொழியில் ஹ போன்ற ஒரு மூச்சொலி இருந்தது; அது மறைந்த இடத்தில் குறில் நெடிலாயிற்று; தொல்காப்பியத்தின் ஆய்தம் அதன் எச்சம் என்பது அவர் கருத்து. மொழியியலாளர் சோசூர் 1879இல் இந்தோ-ஐரோப்பியத்துக்கு இதே போல மறைந்துபோன ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப்போட்டுச் சொன்னார். பல பத்தாண்டு கழித்து ஹிட்டைட்டு மொழியின் களிமண் பலகைகளில் அவற்றின் தடம் கிடைத்தது. கிருஷ்ணமூர்த்தியின் ஹ-வுக்கு அப்படியொரு பலகை இன்னும் கிடைக்கவில்லை. துறையில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. என் அட்டையில் அதை அடைப்புக்குறிக்குள்தான் வைத்திருக்கிறேன். சொல்லுக்கு முன்னால் உடுக்குறி (*) இடுவேன். சான்றில் நேரடியாகக் கிடைக்காத, கணித்துப் பெற்ற வடிவம் என்பதற்கு அது அடையாளம். ஜெர்மன் அறிஞர் ஷ்லைஷர் தொடங்கிவைத்த வழக்கம் இது. அந்தச் சின்னக் குறிதான் இந்தத் தொழிலின் நேர்மை.

தா என்ற வினைக்கு வருகிறேன். தருவதற்கும் கொடுப்பதற்கும் தொல்காப்பியர் ஒரு வேறுபாடு சொல்கிறார். எனக்கோ உனக்கோ என்றால் தா. மூன்றாம் மனிதருக்கு என்றால் கொடு. சென்னையில் இந்த வேறுபாட்டை இன்று யாரும் காப்பதில்லை. 'எனக்குக் குடு', 'அவனுக்குக் குடு' இரண்டும் ஒன்றுதான். வெறும் இலக்கண நூல் விதிதானோ என்று சந்தேகம் வரலாம். ஆனால் ஒரு மலையாளி தனக்குக் கேட்கும்போது 'தரூ' என்பார்; இன்னொருவருக்கு என்றால் 'கொடுக்கூ' என்பார்; மாற்றிச் சொன்னால் அவர் காதுக்கு இடறும். கனடாவில் பிறந்த எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்தார். எழுத்தே இல்லாத அந்த மொழிகளிலும் இதே பாகுபாடு இருப்பதைக் கண்டார். 1945இல் வா, தா என்ற இந்த இரண்டு வினைகளுக்காக மட்டும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தொல்காப்பியர் பதிவு செய்தது உயிருள்ள வழக்கு என்பதை, தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டிராத ஒரு மலைக் குடியின் பேச்சு உறுதிப்படுத்தியது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிற இடம் அது. அதே எமனோவும் பரோவும் சேர்ந்துதான் 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைக் கொண்டுவந்தார்கள். 1984இல் திருத்திய பதிப்பு வந்தது. என் மேஜையிலிருந்து அது இறங்குவதே இல்லை.

ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடிவிடவும் கூடாது. மணலி புதுநகரில் ஐயா வைகுண்ட தர்மபதி இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் 'வாறேன்', 'தாறேன்' என்பார்கள். பார்த்தால் பழைய 'வாரான்' போலவே இருக்கும். ஆனால் அது வருகிறேன் என்பதன் சுருக்கம்; பிற்காலத்தது. நேர்மாறாக, ஒலி கொஞ்சமும் ஒட்டாத இடத்தில் உறவு இருக்கும். பஸ் நிறுத்தத்தில் தெலுங்குக்காரர் 'திகு' என்பார். நாம் 'இறங்கு' என்போம். திகு என்பது இறங்குவோடு சேராது. இழி என்ற பழைய தமிழ் வினையோடு சேரும். கன்னடத்தில் அதுவே 'இளி'. தெலுங்கில் முதல் உயிர் உள்ளே போய், ழ முன்னால் வந்து, ட ஆகி, கடைசியில் த ஆகிவிட்டது. தமிழில் நாம் இழிவு என்ற பொருளில் மட்டும் வைத்துக்கொண்ட சொல்லால் ஆந்திரத்தில் தினமும் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள்.

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு இந்த வட்டாரத்திலேயே கிடைத்தது. யார்டுகளில் வேலை செய்ய ஜார்க்கண்டின் கும்லா பக்கத்திலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். நம் ஊரில் அவர்களை இந்திக்காரர்கள் என்றுதான் சொல்கிறோம். சாயங்காலம் டீக்கடையில் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் அது இந்தி இல்லை, குருக். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் பேசும் திராவிட மொழி. ஹான் என்பவர் எழுதிய 1900ஆம் ஆண்டுக் குருக் இலக்கணத்தில் நான் படித்திருந்த மொழி கண்ணாடி டம்ளரோடு பக்கத்தில் நின்றது. ஒருவரிடம் எண் சொல்லச் சொன்னேன். மூன்றுக்கு 'மூந்த்', நாலுக்கு 'நாக்'. அதற்குப் பிறகு இந்திக்குத் தாவிவிட்டார். எண்ணைக் கடன் வாங்கிவிட்டார்கள். வினையைக் கேட்டேன். 'ஆஸ் பர்ச்சஸ்' என்றால் அவன் வந்தான். 'ஆத் பர்ச்சா' என்றால் அவள் வந்தாள். அது வந்தது என்பதற்கும் அதே 'ஆத் பர்ச்சா'. நாலுக்கு மேல் எண்ணைக் கைவிட்ட மொழி, வினையை மட்டும் விகுதியோடு அப்படியே வைத்திருக்கிறது.

இந்த 'ஆத் பர்ச்சா' சாதாரணச் சான்று இல்லை. தெலுங்கிலும் மரியாதை சேர்க்காத பேச்சில் அவள் வந்தாள், அது வந்தது இரண்டுக்கும் 'அதி வச்சிந்தி' ஒன்றே. நெடுந்தொலைவு பிரிந்துபோன இரண்டு மொழிகள் தற்செயலாக இப்படி ஒத்துப்போக வாய்ப்பில்லை. ஒருமையில் ஆண் ஒரு விகுதி, மற்றவை எல்லாம் ஒரு விகுதி என்பதே மூல அமைப்பு. தமிழின் 'வந்தாள்' தென் திராவிடத்தில் பின்னால் தோன்றிய புதுமை. நிகழ்காலம் காட்டும் கிறு, கின்று இடைநிலைகளும் அப்படித்தான். சங்க காலத் தமிழில் இறந்தகாலமும் இறவாத காலமும்தான் உறுதியாக இருந்தன. தமிழே எல்லாத் திராவிட மொழிகளுக்கும் தாய் என்று மேடையில் கேட்கும்போது என் மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுதான். நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா பைபிளை மொழிபெயர்த்த கோத்திக் மொழி, ஜெர்மானியக் குடும்பத்தில் விரிவான நூல் கிடைத்த மிகப் பழைய மொழி. அதற்காக அதை ஆங்கிலத்தின் தாய் என்று ஜெர்மானிய அறிஞர் யாரும் சொல்வதில்லை. மூத்த அக்காள் என்பார்கள். தமிழுக்கும் அதுவே சரியான இடம், பெருமையான இடமும் அதுவே. இரண்டாயிரம் ஆண்டுச் சான்றைக் கையில் வைத்திருக்கும் அக்காள் இல்லையென்றால் தங்கைகளின் கதையை யாரும் சொல்ல முடியாது. தங்கைகள் இல்லையென்றால் அக்காள் எங்கே மாறினாள் என்று அக்காளுக்கே தெரியாது.

இந்தச் சான்றுகள் பேசும் வாயோடு கரைந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் என் கவலை. குருக்கில் பெண்கள் தங்களுக்குள் பேசும்போது வினை விகுதி மாறும். ஆண்களிடம் மட்டும் கேட்டு எழுதினால் அந்தப் பாதி பதிவாகாமலே போகும். ஊரைவிட்டு வந்த இளைஞர்கள் இங்கே பிள்ளைகளிடம் இந்தியில் பேசத் தொடங்கிவிட்டார்கள். கோலாமி, கதபா, பெங்கோ போன்ற மொழிகளின் நிலை இன்னும் நெருக்கடி.

ஆகவே தமிழ் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொல்காப்பியம் படியுங்கள், கூடவே இன்னொரு திராவிட மொழியைப் பேசும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில், யார்டில், ஹாஸ்டல் சமையல்கட்டில் குருக் பேசுகிறவரோ கோண்டி பேசுகிறவரோ இருந்தால் பெயர்ச்சொல் பட்டியல் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் வந்தேன், நீ வந்தாய், அவள் வரவில்லை, நாளை வருவார்கள் என்று வினையை முழுசாகக் கேளுங்கள். அவர் வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து, ஊர், தேதி, பேசியவர் வயது எல்லாம் குறித்துவைத்து, ஒரு பல்கலைக்கழக மொழியியல் துறையில் ஒப்படையுங்கள். அவர்களுக்கும் நமக்கும் ஒரே வினையடி என்பதை அவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.